நீல நிறத்தில் எங்கள் வீடு

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் சொன்னதில்லை. காலநிலை ஆராய்ச்சி என்பேன். "மழை வருமோ எண்டு சொல்லுற வேலையோ?" என்பார்கள். அது இல்லை என்பேன். பிறகு கதை வேறு பக்கம் போய்விடும். எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், இருப்பவர்களுக்கு நான் முன்னறைக் கதவைச் சாத்திவிட்டுக் கணினியோடு இருக்கிறவள், வெளிநாட்டுக்காரரோடு இங்கிலிசில் கதைக்கிறவள். அது போதும் என்று நானும் இருந்துவிட்டேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் குருநகரில், கடலேரிக் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி. அண்ணை, அவர் மனைவி மச்சாள், நான் என்று மூன்று பேர். அண்ணைக்குக் கடற்றொழில். எதிர்வீட்டுக்காரரும் அவரும் சேர்ந்து ஒரு போட் வைத்திருந்தார்கள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலும் இரண்டு குடும்பமும் ஒரே கொட்டிலில்தான் இருந்தது. கடலில் தாங்கள் அதிகம் கதைப்பதில்லை என்று அண்ணை சொல்வார். ஒருவர் எழும்பி நின்றால் போதும், என்ன செய்ய வேண்டும் என்று மற்றவருக்குத் தெரியும்.

ஒரு கார்த்திகை மாதம் ஒழுங்கைக்குள் வெள்ளம் வந்தது. எங்கள் வாசற்படியோடு நின்றுவிட்டது. எதிர்வீடு தாழ்வான காணி என்பதால் உள்ளே போய்விட்டது. அவர் தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டு, தண்ணீருக்குள் நின்றபடியே இருந்தார். எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னோம். பிள்ளைகளை அனுப்பினார், தான் வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகும் அவர் மழை இருட்டினால் வெளியே வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன். கடலில் எத்தனையோ காற்றைப் பார்த்தவர் அவர். வீட்டுக்குள் வந்த தண்ணீர்தான் அவரை உலுக்கியது.

அந்த வருடந்தான் எங்கள் ஆய்வுக் குழு புதிய வேலையைத் தொடங்கியிருந்தது. அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உலகத்தின் காலநிலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் பூமி முழுவதையும் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு வெப்பநிலை, ஒரு காற்று, ஒரு மழை. பெரும்பாலும் ஒரு கட்டத்தின் பக்கம் நூறு கிலோமீற்றர் அளவில் இருக்கும். கட்டத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் என்றால் முழுக் கட்டத்தையும் கணினி கடல் என்று எடுத்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துவந்த படங்களில் யாழ்ப்பாணம் கிடையாது. காங்கேசன்துறை, கோப்பாய், கொடிகாமம் எல்லாமே கடல். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று அதன் மேலால் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊருக்கு எதிர்காலத்தில் எவ்வளவு மழை என்று யாராவது கேட்டால், இல்லாத ஊருக்கு நான் என்ன சொல்வது?

முழு உலகத்தையும் சின்னக் கட்டங்களாக்க எங்களிடம் இருந்த கணினிகளால் முடியாது. அதனால் உலகத்தைப் பெரிய கட்டங்களாகவே விட்டுவிட்டு, தேவையான ஓர் இடத்தில் மட்டும் கட்டங்களைப் படிப்படியாகச் சிறிதாக்குவது என்று முடிவெடுத்தோம். வங்காள விரிகுடாவின் நடுவில் கட்டங்கள் சுருங்கத் தொடங்கும். இலங்கையின் வடக்கை அடையும்போது ஒவ்வொன்றும் ஒரு சில கிலோமீற்றர்தான் இருக்கும். அந்த வடக்குப் பகுதியைச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

முதன்முதலாக யாழ்ப்பாணக் குடாநாடு திரையில் வந்த நாளில் நான் கதவைத் திறந்து எல்லாரையும் கூப்பிட்டேன். நான் அப்படிக் கூப்பிடுவதே இல்லை என்பதால் அண்ணை சாப்பாட்டுக் கையோடு வந்தார். நீலத்துக்கு நடுவில் பழுப்புக் கட்டங்கள், ஓரமெல்லாம் பிய்ந்து கிடந்தது. ஆனாலும் எங்கள் ஊர் என்று சொல்லத்தக்க உருவம்.

"உது எங்கடை யாழ்ப்பாணமோ?" என்றார் அண்ணை.

"ஓம். பழுப்பு தரை, நீலம் கடல்."

மச்சாள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள். "எங்கடை வீடு எதுக்கை இருக்கு?"

விரலை வைத்துக் காட்டினேன். "இதுக்குள்ளை."

"உது நீலமெல்லே."

"அந்தக் கட்டத்துக்குள்ளை பாதிக்கு மேலை கடலேரி. அதாலை முழுக்கத் தண்ணி எண்டு எடுத்திட்டுது."

அண்ணை சிரித்தார். "அது சரிதானே. நாங்கள் எப்ப தரையிலை இருந்தம்?"

மச்சாள் தன் கைபேசியில் படம் எடுத்தாள். பிரான்சில் இருக்கும் தன் தங்கைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாள். "எங்கடை பிள்ளை செய்தது எண்டு அவளுக்கும் காட்டோணும்." எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. எங்கள் வீட்டில் என் வேலையை யாரும் படம் எடுத்தது அதுதான் முதல் தடவை.

படம் பிரான்சுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய், சில நாட்களில் எங்கள் தேவாலயப் பங்கின் வட்ஸ்அப் குழுவுக்கே திரும்பி வந்தது. கூடவே யாரோ ஒரு ஆணின் குரல். "குருநகர் முழுக்க நீலமாக் கிடக்கிறதைப் பாருங்கோ. இன்னும் கொஞ்சக் காலத்திலை கடல் எடுக்கப்போற இடங்கள் இதுகள். வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சிருக்கினம். எங்கடை சனத்துக்கு மறைக்கினம். எல்லாருக்கும் அனுப்புங்கோ." இன்றுவரை அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாது.

படத்தின் ஓரத்தில் எங்கள் முன்னறைத் திரைச்சீலையின் பூக்கள் தெரிந்தன. அதனால் அது எந்த வீட்டில் எடுத்தது என்பதை ஒழுங்கையில் யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் அன்று பின்னேரமே வந்தார். எங்கள் வீட்டுக்குள் கேட்காமல் வந்து தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கிறவர், வாசல் படலையில் நின்று கூப்பிட்டார்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லு. உது உன்ரை படமோ?"

"ஓம் அண்ணை. ஆனால் அதிலை சொல்லுற கதை பொய். நீலம் எண்டது தாழப்போற இடமில்லை. இண்டைக்கு இருக்கிற தண்ணியைத்தான் அது காட்டுது. கட்டத்துக்குள்ளை தண்ணி கூட எண்டபடியாலை நீலம்."

அவர் கவனமாகக் கேட்டார். கைபேசியை வெளியே எடுத்து அந்தப் படத்தை மீண்டும் பார்த்தார்.

"அப்ப எங்கடை இடம் தாழாது?"

இந்த இடத்தில் நான் ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் கடல்மட்டம் உயர்ந்துவருவது உண்மை. எங்கள் கரை எவ்வளவு தாழ்வானது என்பதும் உண்மை. என் படத்துக்கும் அந்த உண்மைக்கும் சம்பந்தமில்லை என்பதை மட்டுந்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"அதை என்னாலை சொல்லேலாது அண்ணை. இந்தப் படத்திலை அது இல்லை."

"படிச்ச நீயே சொல்லேலாது எண்டுறாய்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். போன வெள்ளத்தின் கறை சுவரில் இன்னும் போகாமல் இருந்தது.

அன்றைக்குப் பிறகு மச்சாள் கைபேசியைத் தொடவே பயந்தாள். சமையலறையில் நின்று அழுதாள். அண்ணை அவளை ஒரு சொல்லும் சொல்லவில்லை. "பெருமையிலை அனுப்பினனீ. ஆர் நினைச்சது," என்று மட்டும் சொன்னார்.

எங்கள் குழுவின் தலைவி ஒரு நல்ல மனுசி. கணினித் திரையில் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தக் கட்டத்தைத் தரையாக மாற்றலாமா என்று கேட்டேன். உங்கள் வீடு இருக்கும் கட்டத்தை மட்டும் மாற்ற முடியாது, கடலேரிக் கரை முழுவதையும் ஒரே முறையில் திரும்பப் பாருங்கள், அப்படிப் பார்த்து மாறினால் மாறட்டும் என்றார். அது நியாயம். வானிலிருந்து எடுத்த செய்மதிப் படங்களை வைத்துக்கொண்டு கரையோரக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பண்ணைப் பாலத்தின் இரு பக்கம், அரியாலை, தீவுகளுக்குப் போகும் வழி எல்லாம். சில இடங்கள் நீலத்திலிருந்து பழுப்பாயின. சில இடங்கள் பழுப்பிலிருந்து நீலமாயின. குருநகர் பழுப்பானது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆறுதல் ஒரு ஆராய்ச்சியாளருக்கு வர வேண்டிய ஆறுதல் அல்ல.

பங்குத் தந்தை வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மண்டபத்தில் நீங்களே விளங்கப்படுத்துங்கள் என்று கேட்டார். சனம் பயந்துபோயிருக்கிறது என்றார். சிலர் பிள்ளைகளை வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விசாரித்துத் திரிவதாகவும் சொன்னார். எதிர்வீட்டுக்காரரும் அதில் ஒருவர் என்று எனக்கு அப்போது தெரியாது.

மண்டபம் நிறைந்திருந்தது. புதிய படத்தைச் சுவரில் காட்டினேன். கட்டம் என்றால் என்ன, எதற்காகச் சிறிதாக்குகிறோம், நீலம் ஏன் நீலம் என்று என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். பெரிய கண்ணி வலையையும் சின்னக் கண்ணி வலையையும் உதாரணம் காட்டினேன். சிலர் தலையாட்டினார்கள். எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தேன்.

நடுவில் இருந்த ஒரு பெண் எழும்பினார். கரையில் கருவாடு போடுகிறவர்.

"போன முறை வந்த படத்திலை எங்கடை இடம் நீலம். இப்ப பழுப்பு. மாத்தினது ஆர்?"

"நான்தான் அம்மா. முந்தினதிலை பிழை இருந்தது. கரையோரம் முழுக்கத் திரும்பப் பாத்துத்தான்..."

"நாங்கள் சத்தம் போட்ட பிறகோ மாத்தினனீங்கள், முதலோ?"

"பிறகுதான்."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஆனால் மண்டபத்தில் இருந்த முகங்கள் மாறுவதை நான் பார்த்தேன். பின்னால் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "ஆற்றையோ வாயை மூடத்தான் நிறத்தை மாத்தியிருக்கினம்."

இன்னொருவர் கேட்டார். "சரி, நிறத்தை விடுங்கோ. மழை கூடுமோ, குறையுமோ? அதையெண்டாலும் சொல்லுங்கோ."

அந்தக் கேள்விதான் என்னை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. சின்னக் கட்டங்களில் ஓட்டியபோது எங்கள் பக்கம் மழை பலத்துப் பெய்தது. பெரிய கட்டங்களில் மாதம் முழுவதும் தூறலாகப் பரவிய மழை, சின்னக் கட்டங்களில் ஒரேயடியாகக் கொட்டியது. அது நாங்கள் கண்ட வெள்ளத்தைப் போலவே இருந்தது. ஆனால் எனக்கு வேறு சந்தேகமும் இருந்தது. காற்றழுத்தம் குறைந்து விரிகுடாவில் உருவான தாழமுக்கம் ஒன்று பெரிய கட்டத்திலிருந்து சின்னக் கட்டத்துக்குள் நுழையும் எல்லையிலேயே திடீரென்று வலுத்தது. கடலுக்கு அப்படியொரு எல்லை இல்லை. அதை வரைந்தவர்கள் நாங்கள். முகில் எப்படி உருவாகிறது என்று கணினிக்கு எழுதிவைத்த விதிகள் பெரிய கட்டத்துக்காக எழுதியவை. சின்னக் கட்டத்தில் அவை அளவுக்கு மீறி மழையைப் பெய்விக்கலாம். இந்த மழையில் எவ்வளவு வானத்துடையது, எவ்வளவு நாங்கள் போட்ட கோட்டுடையது என்று அன்றைக்கு எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"கடும் மழை கூடுற மாதிரித்தான் காட்டுது," என்றேன். "ஆனால்..."

அந்த ஆனாலுக்குப் பிறகு நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கதிரைகள் தரையில் உராயும் சத்தம் எழும்பியது. தந்தை அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் சுவரோடு நின்றுகொண்டிருந்தார். நான் முடிப்பதற்கு முன்பே மனைவியைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனார்.

அவர் மனைவியின் ஆட்கள் குடாநாட்டின் உள்ளே இருக்கும் கொடிகாமத்தில் இருந்தார்கள். அங்கே அவர்களுடைய வளவுக்குள் ஒரு பழைய அறை சும்மா கிடந்தது. சித்திரை மாதத்தில் போவதென்று முடிவெடுத்துவிட்டார்கள். அண்ணை அதைக் கரையில் வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தார். அன்று அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் எதிர்வீட்டுக்குப் போனார். நான் படலையில் நின்றேன். கேட்க வேண்டுமென்று நிற்கவில்லை, ஆனால் கேட்டது.

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்றார் அண்ணை.

"சொன்னால் நீ மறிப்பாய். மறிச்சால் நான் நிண்டிடுவன்."

"நிண்டால் என்ன?"

"எனக்கு நித்திரை வருகுதில்லையடா. பிள்ளையள் மழைச் சத்தத்துக்கு எழும்பி அழுதுகள். நீ தண்ணிக்குள்ளை நிக்கேல்லை."

அண்ணை சுவரில் இருந்த வெள்ளக் கறையைப் பார்த்தார்.

"தங்கச்சியிலை எனக்கொரு கோவமுமில்லை," என்றார் எதிர்வீட்டுக்காரர். "அவளும் தெரியாது எண்டுதானே சொல்லுறாள். தெரியாத இடத்திலை என்னெண்டு பிள்ளையளை வைச்சிருக்கிறது?"

லொறி வந்த நாளில் அண்ணைதான் கட்டிலைக் கழற்றிக் கொடுத்தார். தண்ணீர்த் தாங்கியை அவர்கள் இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். போட்டைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. மாதாவின் சுருவச் சிலையைச் சின்ன மகள் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தாள். நான் கிட்டப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்து, "இடைக்கிடை வாங்கோ," என்றார். லொறி ஒழுங்கை முடக்கால் திரும்பியதும் அண்ணை எதிர்வீட்டுப் படலையைச் சாத்திவிட்டு வந்து, கை கழுவி, கடலுக்குப் போகாமல் முற்றத்தில் இருந்தார்.

அதற்குப் பிறகு அண்ணையின் தொழில் ஒழுங்காக நடக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரோடும் ஒத்துவரவில்லை. ஒருவரிடம் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அண்ணைக்கு எரிச்சல். கடைசியில் போட்டைக் கரையில் ஏற்றிவிட்டு, கடலேரியில் தனியாக இறால் வலை போடத் தொடங்கினார். வீட்டில் என்னோடு கதைப்பது குறைந்துபோனது. குற்றம் சொன்னால் பதில் சொல்லலாம். அவர் குற்றமும் சொல்லவில்லை. என் அறைக்கு முன்னால் போகும்போது உள்ளே பார்க்காமல் போவார்.

ஆவணியில் நான் கொடிகாமத்துக்குப் போனேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அவர் அங்கே கஷ்டப்படுவார், திரும்பி வர விரும்புவார் என்று ஏதோ ஓர் எண்ணம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி இருந்தால் என் மனம் ஆறும் என்று நினைத்தேனா, தெரியவில்லை. அவர் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். உடம்பு கொஞ்சம் மெலிந்திருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது.

"இஞ்சை நித்திரை வருகுது தங்கச்சி," என்றார். "மழை பெய்தாலும் படுக்கிறன்."

"கடல் இல்லாமல்?"

"அதை நினைக்கிறேல்லை." பிறகு, "உன்ரை அண்ணை ஆரோடை போறான்?" என்று கேட்டார்.

"தனிய. கடலேரியிலை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். பெரிய மகள் புதுப் பள்ளிக்கூடத்தில் வரைந்த படங்களைக் காட்டினாள். நான் வெளிக்கிடும்போது அவர் பஸ் தரிப்பிடம் வரை வந்தார். அவர் எடுத்த முடிவு பிழை என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சரி என்று சொல்லவும் ஒன்றுமில்லை.

எங்கள் வேலை தொடர்ந்தது. எல்லையைச் சுற்றிக் கட்டங்கள் இன்னும் மெதுவாகச் சுருங்கும்படி மாற்றி அமைத்தோம். முகில் விதிகளையும் கட்டத்தின் அளவுக்கு ஏற்ப மாறும்படி திருத்தி எழுதினார்கள். மீண்டும் ஓட்டிப் பார்த்தபோது எல்லையில் வந்த அந்தத் திடீர் வலு பெரும்பாலும் போய்விட்டது. எங்கள் பக்கம் கொட்டிய மழை கொஞ்சம் குறைந்தது. ஆனால் போகவில்லை. அதை நாங்கள் போட்ட கோடுகளின் மேல் மட்டும் சுமத்திவிட முடியாது என்பது தெளிவானபோது, குழுவில் எல்லாரும் நல்ல முன்னேற்றம் என்றார்கள். நானும் ஓம் என்றேன். கணினியை மூடிவிட்டு ஜன்னலால் எதிர்வீட்டுப் படலையைப் பார்த்தேன்.

அண்ணையிடம் சொல்வதா விடுவதா என்று சில நாள் யோசித்தேன். பிறகு, அவர் முற்றத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். பிழைகளைத் திருத்திய பிறகும் கடும் மழை கூடும் என்றுதான் வருகிறது, எப்போது, எவ்வளவு என்று இன்னும் தெரியாது என்றேன்.

அவர் வலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு நேராகப் பார்த்தார்.

"அப்ப அவன் போனது சரிதானோ?"

"எனக்குத் தெரியேல்லை அண்ணை."

"நாங்களும் போவமோ?"

"அதுவும் தெரியேல்லை."

"நீ உள்ளதைத்தான் சொல்லுறாய்," என்றார். அதில் பாராட்டு இருந்ததா, சலிப்பு இருந்ததா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. "நான் போகேலாது. போய் என்ன செய்யிறது? தண்ணி உள்ளை வராமல் வீட்டு நிலத்தை உயர்த்துவம்."

கட்டட வேலை செய்யும் மேசன் வந்தபோது மச்சாள் சாமான்களை எல்லாம் விறாந்தைக்கு எடுத்து வைத்திருந்தாள். அவர் அறை அறையாகப் பார்த்துவிட்டு, "எவ்வளவுக்கு உயர்த்திறது?" என்று கேட்டார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். மச்சாளும் பார்த்தாள். நான் தெரியாது என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டு நிலத்துக்கு எந்தக் கட்டமும் விடை தராது. அண்ணை சுவரோடு போய் நின்று, தன் முழங்காலுக்குச் சற்றுக் கீழே கையை வைத்துக் காட்டினார்.

"இந்தளவுக்குப் போடு," என்றார்.

மேசன் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.